மஞ்சள் விளக்கு மறுபடியும் எரியுது!

'எந்த ஏரியா?'னு காலேஜ்ல யாராவது கேட்டா 'புழல்'னு சொல்வேன். உடனே எதிர்ல இருக்கிறவங்க முகத்துல ஒரு குறும்புச் சிரிப்பு வரும். 'எப்ப ரிலீஸ் ஆனே?' இந்த ஜோக்கை மூணு வருஷத்துல முந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன். மக்களே... மத்தியச் சிறை எங்க ஊருக்கு வந்தது 2006-லதான். அதுக்கு நூறு வருஷத்துக்கும் முன்னாடி, 1876-லேயே கட்டின ஏரி எங்ககிட்ட இருக்கு. சென்னையில நீங்க குடிக்கிற தண்ணியில எங்க ஏரிக்கும் பங்கு உண்டு. அதனால கொஞ்சம் மரியாதையா சிரிங்க!

நான் மூணாவது வருஷம் மெக்கானிக்கல். க்ளாஸ்ல அறுபது பேர். அதுல பொண்ணுங்க நாலே நாலு பேர். 'மெக்கானிக்கல் எடுத்த பொண்ணு'ங்கிற கெத்து எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருந்தது. அந்தக் கெத்தை ஒரு குட்டி மஞ்சள் விளக்கு எப்படி இறக்கி வெச்சதுங்கிறதுதான் இந்தக் கதை.

எங்க அப்பாவுக்குச் சொந்தமா ஒரு பிக்-அப் வண்டி இருக்கு. 2021 மாடல், டீசல், பி.எஸ். 6. செகண்ட் ஹேண்ட்ல, லோன் போட்டு வாங்கினது. செங்குன்றம் அரிசி மில்லுங்கள்ல விடியக்காலையில சிப்பம் ஏத்திக்கிட்டு, தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர்னு மளிகைக் கடை கடையா இறக்கிட்டு வருவார். சிப்பம்னா தெரியும்ல? 25 கிலோ அரிசி மூட்டை. வீட்டு வாடகை, வண்டி டியூ, என் செமஸ்டர் ஃபீஸ், ஏழாவது படிக்கிற தம்பியோட இன்ஹேலர்... எல்லாமே அந்த வண்டி உருள்ற உருளல்லதான் வருது.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு நாள், டேஷ்போர்டுல அந்த விளக்கு எரிஞ்சது. மஞ்சள் கலர்ல, குட்டியா ஒரு இன்ஜின் படம். அம்மா எட்டிப் பார்த்துட்டு, 'இன்னாங்க இது... ஆமையாட்டம் கீது?'ன்னாங்க. அன்னிலேர்ந்து எங்க வீட்டுல அதுக்குப் பேரே 'ஆமை'தான்.

ஆமையோட பிறந்த ஊர்!

அந்த ஆமைக்கு ஒரு வரலாறு இருக்கு. 1950-கள்ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே புகைமூட்டத்துல கண் எரிஞ்சு தவிச்சப்ப, அதுக்குக் காரணம் கார் புகையும் ஆலைப் புகையும் வெயில்ல சேர்ந்து பண்ற ரசாயன வேலைதான்னு கண்டுபிடிச்சு சொன்னவர், கால்டெக் பேராசிரியர் ஹாகன்-ஸ்மிட். அதுக்கப்புறம் கலிஃபோர்னியாவுல சட்டங்கள் ஒவ்வொண்ணா இறுகிச்சு. 'புகையைக் குறைக்கிற பாகம் கெட்டுப்போனா, வண்டியே டிரைவர்கிட்ட சொல்லணும்'னு 1988 மாடல் வண்டிகள்லேர்ந்து அங்கே விதி வந்தது. 1996-லேர்ந்து அமெரிக்காவுல விக்கிற எல்லா கார்லேயும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட், ஒரே மாதிரி கோடு எண்கள்னு ஆயிடுச்சு. இதுக்குப் பேர்தான் ஓ.பி.டி. நம்ம ஊர்ல பி.எஸ். 4 வந்த 2010-லேர்ந்து இது படிப்படியா நுழைஞ்சது.

ஆக, அந்த விளக்கு 'இன்ஜின் போச்சு'ன்னு சொல்றதுக்காகப் பிறந்ததே இல்லை. 'உன் புகையை வெளியில இருக்கிறவங்க சுவாசிக்கிறாங்க, பார்த்துக்கோ'ன்னு சொல்லப் பிறந்தது. இது எனக்கு அப்போ தெரியாது. தெரிஞ்சதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். விளக்கு எரியுது, அணைக்கணும்!

நானும் ஹீரோயின்தான்!

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் எழுநூறு ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கிட்டு வந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிஞ்சு சாக்கெட்டைத் தேடி, செருகி, மொபைல்ல ஆப்பைத் திறந்தா... திரையில ஒரு கோடு. பி-2463.

இந்தக் கோடுகளைப் படிக்கிறது ரொம்ப ஈஸி பாஸ். முதல் எழுத்து 'பி'ன்னா இன்ஜின், கியர்பாக்ஸ் சமாசாரம். 'பி' போலவே 'சி', 'யூ'ன்னு மத்த எழுத்துகளும் உண்டு. 'சி' சேஸிஸ் பக்கம், 'யூ' கம்ப்யூட்டருங்க தங்களுக்குள்ள பேசிக்கிற நெட்வொர்க். மிச்ச எண்கள் எந்தப் பாகம், என்ன கோளாறுன்னு சொல்லும். எங்களுக்கு வந்த பி-2463-க்கு அர்த்தம், 'டீசல் புகை வடிகட்டியில கரி அதிகமா சேர்ந்துடுச்சு.'

அர்த்தத்தைப் படிச்சேன். புரிஞ்ச மாதிரி தலையாட்டினேன். ஆப்ல கீழே 'கோடை அழி'ன்னு ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினேன். ஆமை காணாமப் போச்சு!

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... 'ஃபீஸ் கட்டினது வீண்போகல'ங்கிற பார்வை. பக்கத்து வீட்டு ஷேர் ஆட்டோ அண்ணன்கிட்ட, 'போன்லயே சரி பண்ட்டா எம் பொண்ணு'ன்னு பெருமை வேற. நான் தரையில நடக்கலை.

ஒன்பதாவது நாள் ஆமை திரும்பி வந்தது. அழிச்சேன். அடுத்த வாரம் வந்தது. மறுபடியும் அழிச்சேன். மூணாவது தடவை அப்பா எதுவும் சொல்லலை. சாவியை மட்டும் என்கிட்ட நீட்டினார்.

இங்கேதான் நான் பண்ணின தப்பு என்னன்னு உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடணும். கோளாறு முதல் தடவை தெரிஞ்சா, பெரும்பாலும் கம்ப்யூட்டர் அதை 'சந்தேகம்'னு மட்டும் குறிச்சு வெச்சுக்கும். அடுத்த ஓட்டத்துலேயும் அதே கோளாறு தெரிஞ்சாத்தான் விளக்கைப் போடும். அந்த நேரத்துல வண்டி என்ன வேகத்துல போச்சு, இன்ஜின் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடுன்னு ஒரு போட்டோ மாதிரி பதிவு பண்ணியும் வைக்கும். அதுக்குப் பேரு 'ஃப்ரீஸ் ஃபிரேம்'. கோளாறு தானா சரியாயிட்டா, பொதுவா மூணு ஓட்டம் சுத்தமா ஓடினதும் விளக்கை அதுவே அணைச்சுடும்.

நான் 'அழி' பட்டனை அமுக்கினப்ப விளக்கோட சேர்ந்து அந்த போட்டோவும் போயிடுச்சு. திருட்டு நடந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டு, 'இப்போ போலீஸை வரச் சொல்லுங்க'ன்னு சொன்ன கதை! வடிகட்டியில சேர்ந்த கரி மட்டும் அப்படியே உட்கார்ந்து, மேல மேல சேர்ந்துக்கிட்டே இருந்தது.

மூலக்கடை மேம்பாலத்துல ஒரு காலை!

புரட்டாசி முதல் வாரம். ஐம்பது சிப்பம் லோடு. அதாவது 1,250 கிலோ. மூலக்கடை மேம்பாலம் ஏர்றப்ப வண்டி சட்டுனு தளர்ந்துடுச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா எழும்பலை. இன்ஜினைக் காப்பாத்திக்க கம்ப்யூட்டர் தானே பவரைக் குறைச்சுக்கிற 'லிம்ப் மோடு' அது. தமிழ்ல சொன்னா 'நொண்டி மோடு'. பின்னாடி பஸ், லாரி எல்லாம் ஹாரன் அடிக்க, நடைவேகத்துல நொண்டிக்கிட்டு பாலத்தைத் தாண்டியிருக்கார் அப்பா. அன்னிக்கு ரெண்டு கடைக்கு அரிசி போகலை. அதுல ஒரு கடைக்காரர் வேற வண்டியை ஏற்பாடு பண்ணிக்கிட்டார். பன்னெண்டு வருஷ வாடிக்கை.

எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. 'கோடை அழிச்சது நான்தானே?' அப்பா அதைப் பத்தி இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாக்கூட பரவாயில்லைன்னு தோணும்.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். லேப்டாப்பை மாட்டி, வண்டியை நிறுத்தி வெச்சே வடிகட்டியைச் சூடாக்கி கரியை எரிச்சாங்க. 'ஃபோர்ஸ்டு ரீஜென்'னு பேரு. பில் மூவாயிரத்து ஐந்நூறு. 'இனிமே வராது சார்.' பதினாறே நாள்ல வந்தது! மறுபடி போனா, 'ஃபில்டரையே மாத்தணும் சார்'னு ஒரு எஸ்டிமேட் நீட்டினாங்க. என் ரெண்டு செமஸ்டர் ஃபீஸைவிட அதிகம். ஏன் மறுபடி மறுபடி வருதுன்னு நாங்க கேட்ட கேள்விக்கு மட்டும் அந்தத் தாள்ல பதில் இல்லை.

'அறுத்துடலாம் தலைவரே!'

அப்பதான் அந்த ஆஃபர் வந்தது. தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர். 'இதுக்குப் போய் ஏன் தலைவரே மண்டைய ஒடைச்சுக்கிறீங்க? ஃபில்டரை அறுத்து உள்ள இருக்கறத தூக்கிடலாம். கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர மாத்திவுட்டா, ஃபில்டர் இருந்த ஞாபகமே அதுக்கு இருக்காது. லைட் ஜென்மத்துக்கும் வராது. பதினஞ்சாயிரம்.'

உண்மையைச் சொல்லட்டுமா? 'பண்ணிடலாம்ப்பா'ன்னு சொன்னது நான்தான். பேப்பர்ல கணக்கே போட்டுக் காட்டினேன். புது ஃபில்டர் விலை ஒரு பக்கம், பதினஞ்சாயிரம் இன்னொரு பக்கம். கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு சொல்றது எனக்குத் தெரியும். 'யாருப்பா குனிஞ்சு பார்க்கப் போறாங்க?'ன்னேன்.

அப்பா பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

'ஏம்மா... அந்த டப்பாவ எடுத்துட்டா, அதுல நிக்கிற கரி எங்க போவும்?'

மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஒரே வார்த்தையில பதில் சொல்லணும். 'வெளிய.'

எங்க வீடு ஜி.என்.டி. ரோட்டுலேர்ந்து ரெண்டாவது தெரு. அந்தப் பக்கம் போனா மணலி. 2009-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க எடுத்த கணக்குல, மிகக் கடுமையா மாசுபட்ட இடங்களோட பட்டியல்ல பேர் வந்த ஊர். டீசல் புகை மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே அறிவிச்சிடுச்சு. இதெல்லாம் நான் அப்புறமா படிச்சது. அந்த நிமிஷம் எனக்குக் கேட்டது ஒரே சத்தம்தான். உள் ரூம்ல தம்பி மூச்சு இழுக்கிற சத்தம். மழைக்காலம் வந்தா அவனுக்கு வீசிங் ஆரம்பிச்சுடும்.

அப்பா தம்பியைப் பத்தி ஒண்ணும் பேசலை. பேப்பரை மடிச்சு என் கையில கொடுத்துட்டு, 'இன்னொரு தபா நீயே நல்லா பாரும்மா'ன்னார். அவ்வளவுதான்.

ரோட்டுல போய்ப் பாரு!

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. மொபைலை நோண்டிக்கிட்டு இருந்தப்ப ஃபோக்ஸ்வாகன் விவகாரம் கண்ணுல பட்டது. 2015 செப்டம்பர்ல அமெரிக்காவையே அதிர வெச்ச கதை. சோதனைக்கூடத்துல வெச்சுப் பரிசோதிக்கிறாங்கன்னு தெரிஞ்சா நல்ல பிள்ளையா நடிக்கிறதுக்கும், ரோட்டுக்கு வந்தா அளவுக்கு மேல நைட்ரஜன் ஆக்ஸைடைக் கக்குறதுக்கும் கார்ல சாஃப்ட்வேர் எழுதி வெச்சிருந்தாங்க. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டி! நம்மகிட்ட வந்த பதினஞ்சாயிரம் ரூபா ஆஃபரும் இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான்.

ஆனா எனக்குப் பிடிச்சது, அது வெளியே வந்த விதம். வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழு. அதுல அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணான்னு நம்ம நாட்டுப் பேருங்களும் இருக்கு. 2013-ல அவங்க பண்ணினது ரொம்ப சிம்பிள். புகையை அளக்கிற கருவியை கார் டிக்கியில ஏத்திக்கிட்டு ரோட்டுல கிளம்பிட்டாங்க. ஒரு காரை லாஸ் ஏஞ்சலிஸ்லேர்ந்து சியாட்டில் வரைக்கும் ஓட்டிப் பார்த்திருக்காங்க. லேப்ல ஒளிஞ்சிருந்த விஷயம் ரோட்டுல மாட்டிக்கிச்சு.

எனக்குள்ள ஒரு பல்ப் எரிஞ்சது. இதுவரைக்கும் நான் அந்த வண்டியை வீட்டு வாசல்ல நிறுத்தி வெச்சு மட்டும்தானே பார்த்திருக்கேன்? அப்பாவோட ஒரு நாள்கூட லோடுக்குப் போனதே இல்லையே!

சனிக்கிழமை விடியக்காலை நாலரை மணி. செங்குன்றம் மில் வாசல். ஸ்கேனரைச் செருகி, மடியில ஒரு நோட்டோட முன் சீட்டுல உட்கார்ந்துட்டேன். புழல், மாதவரம் ரவுண்டானா, மூலக்கடை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை. மெட்ரோ வேலைத் தடுப்புங்க, குழி, சிக்னல். அஞ்சு நிமிஷம் ஓட்டம், பத்து நிமிஷம் நிறுத்தம். கடை வந்தா அப்பா சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திடுவார். 'டீசல் இன்னா வெல விக்குது?' திரும்பி வர்றப்ப திருவொற்றியூர்லேர்ந்து மணலி வழி. கண்டெய்னர் லாரிங்க ரயில் மாதிரி வரிசை கட்டி நிக்குது. அன்னிக்கு மொத்தம் அறுபது கிலோமீட்டர் ஓடியிருப்போம். வேகம் நாற்பதைத் தாண்டினது நாலே நாலு தடவை. எண்ணி நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

போற வழியில, 'வண்டியில வேற என்னப்பா வித்தியாசமா இருக்கு?'ன்னு சும்மாதான் கேட்டேன். அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கிட்டே மூணு விஷயம் சொன்னார்.

ஒண்ணு: 'நின்னுனு இருக்கசொல்ல, திடீர்னு இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறும். யாரோ லேசா மிதிச்சாப்ல.'

ரெண்டு: 'அந்த நேரத்துல சாவிய அணைச்சா, முன்னாடி ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம் வேகமா ஓடினே இருக்கும். இரும்பு சூடான வாட வரும்.'

மூணு: 'இன்ஜின் ஆயிலு நாளாக நாளாக கம்மியாவணும்ல? இது ஏறுதும்மா. சர்வீஸ்ல ஜாஸ்தியா ஊத்திட்டானுங்கன்னு நெனச்சேன்.'

'ஏன்ப்பா இதையெல்லாம் சர்வீஸ்ல சொல்லலை?'

'சொன்னேனே... அந்தப் பையன் லேப்டாப்பவே பாத்துனு இருந்தான்.'

எனக்குச் சுருக்குன்னு குத்திச்சு. நானும்தானே மொபைலையே பாத்துக்கிட்டு இருந்தேன்?

மூணு க்ளூ, ஒரே திருடன்!

அன்னிக்கு சாயங்காலம் சீட்டுக்கு அடியிலேர்ந்து வண்டியோட கையேட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கலை. முதல் ஓனரும் பிரிக்கலை, நாங்களும் பிரிக்கலை. அதுல டி.பி.எஃப்.னு ஒரு முழுப் பக்கம்!

டி.பி.எஃப். அப்படின்னா புகைக்குழாய்ல இருக்கிற கரி வடிகட்டி. தேன்கூடு மாதிரி பீங்கான். ஒரு அறை இந்தப் பக்கம் அடைப்பு, அடுத்த அறை அந்தப் பக்கம் அடைப்பு. புகை சுவர் வழியா கசிஞ்சு வெளியே போயிடும், கரி உள்ளேயே தங்கிடும். தங்கின கரியை அப்பப்ப எரிச்சாகணும். அதுக்கு சுமார் 600 டிகிரி சூடு வேணும். ஹைவேயில சீரா ஓடினா இன்ஜினுக்கு அது சுலபம். நெரிசல்ல ஊர்ந்தா அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. அதனால கரி ஒரு அளவைத் தாண்டினதும் கம்ப்யூட்டரே களத்துல இறங்கும். சிலிண்டருக்குள்ள கொஞ்சம் டீசலை லேட்டா பீய்ச்சி, எரியாம வெளியே அனுப்பி, புகைக்குழாய்ல எரிய வெச்சு வடிகட்டியைச் சூடாக்கும்.

இப்போ அப்பா சொன்ன மூணையும் இதுல பொருத்திப் பாருங்க. இன்ஜின் சத்தம் ஏறினது, எரிக்கிற வேலை ஆரம்பிச்சதுக்கு அடையாளம். நிறுத்தினதுக்கு அப்புறமும் ஃபேன் ஓடினதும் இரும்பு வாடையும், அது பாதியில நின்னதுக்கு அடையாளம். ஆயில் ஏறினது ஏன்? லேட்டா பீய்ச்சின டீசல்ல கொஞ்சம் சிலிண்டர் சுவரோரமா வழிஞ்சு கீழே ஆயில்ல கலக்குது. பாதியில நின்ன ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து மறுபடி பீய்ச்சினா, இன்னும் கலக்கும்.

அந்த சனிக்கிழமை மட்டும் அந்தச் சத்தம் மூணு தடவை வந்தது. மூணு தடவையும் கடை வந்துடுச்சு. மூணு தடவையும் அப்பா டீசலை மிச்சம் பிடிக்க சாவியைத் திருப்பினார். தன்னைத் தானே சரிபண்ணிக்க அந்த வண்டி மாசக்கணக்கா முயற்சி பண்ணிக்கிட்டே இருந்திருக்கு. நாங்கதான் விடலை!

ஃபில்டர் கெட்டுப்போகலை மக்களே. வண்டி ஓடின விதம்தான் கோளாறு. அந்த ஓட்டத்தை அப்பா மட்டும் தீர்மானிக்கலை. குழியும் சிக்னலும் கண்டெய்னர் வரிசையும் சேர்ந்து தீர்மானிச்சது. இதை எந்தக் கோடும் சொல்லாது.

ஆனாலும் ஒரே நாள் பார்த்துட்டு முடிவு கட்டக்கூடாதுன்னு மாதவரத்துல ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். நான் நோட்டை நீட்டினேன். பொறுமையா ரெண்டு பக்கமும் படிச்சார். 'தங்கச்சி, நீ சொல்றது சரியாத்தான் படுது. ஆனா வேற ஏதாவது கரியை ஜாஸ்தியா உண்டாக்குதான்னும் பார்த்துடுவோம்'னு டர்போ ஹோஸ்ல லீக் இருக்கா, ஈ.ஜி.ஆர். வால்வு ஒட்டிக்கிச்சா, இன்ஜெக்டர் ஒழுகுதா, ஃபில்டர் அழுத்தத்தை அளக்கிற சென்சாரோட ரப்பர் குழாய் வெடிச்சிருக்கான்னு ஒவ்வொண்ணா பார்த்தார். எல்லாம் ஓ.கே. கடைசியா ஆயில் டின்னைக் கேட்டார். விலை கம்மின்னு நாங்க ஊத்தினது பழைய ரக ஆயில். 'இந்த மாதிரி வண்டிக்கு சாம்பல் கம்மியா இருக்கிற ஆயில்தான் ஊத்தணும். கரியை எரிக்கலாம் தங்கச்சி, சாம்பலை எரிக்க முடியாது. அது ஃபில்டர்லயே தங்கிடும்'னார். லேப்ல படிச்சதைவிட அந்த ஒரு வரி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

சரியான ஆயில், ஆயில் ஃபில்டர், கடைசியா ஒரு ஃபோர்ஸ்டு ரீஜென். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சில்லறை.

அதுக்கப்புறம் அப்பா ஒரு வேலை பண்ணினார். சும்மா வண்டியை ஹைவேயில ஓட்டினா டீசல் காசு யார் தருவா? கும்மிடிப்பூண்டி பக்கம் ரெண்டு கடையைப் பேசிப் பிடிச்சார். வாரத்துக்கு ஒரு நாள், தேசிய நெடுஞ்சாலை 16-ல செங்குன்றத்துலேர்ந்து சுமார் முப்பது கிலோமீட்டர் சீரான ஓட்டம். டோல் போகக் கையில கொஞ்சம் மிஞ்சுது. ஃபில்டருக்கு வைத்தியமும் ஆச்சு, வண்டிக்கு வாடகையும் ஆச்சு. இந்த ஐடியா எந்த சிலபஸ்லேயும் கிடையாது!

உங்க வீட்டு வண்டியிலேயும் எரியுதா?

* மஞ்சள் விளக்குன்னா பெரும்பாலும் 'சீக்கிரம் பாரு'ன்னு அர்த்தம். சிவப்புல ஆயில் விளக்கோ, சூடு விளக்கோ எரிஞ்சா, ஓரமா நிறுத்திட்டுத்தான் மறுவேலை.

* கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி அதையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. என்னை மாதிரி தடயத்தை அழிக்காதீங்க.

* கோடு சொல்றது எங்கே வலிக்குதுன்னுதான். ஏன் வலிக்குதுன்னு சொல்லாது. சென்சார் பேர் வந்தாலே சென்சாரை மாத்தணும்னு இல்லை. ஒயரு, கனெக்டரு, குழாய் எல்லாத்தையும் பார்த்துட்டு மாத்துங்க. நம்ம கடலோர உப்புக் காத்துல கனெக்டர் பச்சை பூக்கிறது சகஜம்.

* டி.பி.எஃப். இருக்கிற டீசல் வண்டியில, நின்னுக்கிட்டு இருக்கிறப்ப சத்தம் கொஞ்சம் ஏறினா, முடிஞ்சவரைக்கும் உடனே அணைக்காதீங்க. எவ்வளவு வேகத்துல எவ்வளவு நேரம் ஓட்டணும்னு உங்க கையேட்டுல இருக்கும். ஆமாம்... கவரைப் பிரிக்கணும்!

* வண்டியை யார் ஓட்டுறாங்களோ, முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. ஸ்கேனரை அப்புறம் செருகிக்கலாம்.

இதை எழுதுற வரைக்கும் அஞ்சு மாசம் ஆச்சு. ஆமை வரலை. இனிமே வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சாம்பல் சேர்ந்துக்கிட்டேதான் இருக்கும், ஒரு நாள் அந்த ஃபில்டருக்கும் வயசாகும். போன அந்தப் பன்னெண்டு வருஷ வாடிக்கைக் கடைக்காரர் இன்னும் திரும்பலை. தம்பிக்கு வீசிங்கும் நின்னுடலை. அவன் சுவாசிக்கிற காத்துல எங்க வண்டிக் கரி மட்டுமா கலக்குது? ஆனா எங்க வண்டிக் கரியாவது அதுல இல்லை.

போன செவ்வாய்க்கிழமை தெர்மல் க்ளாஸ் நடுவுல போன் அதிர்ந்தது. அப்பா. பதறிப்போய் மேடம்கிட்ட பர்மிஷன் வாங்கிக்கிட்டு வெளியே ஓடினேன்.

'இன்னாப்பா, லைட்டா?'

'இல்லம்மா. தண்டையார்பேட்ட கடையில நிக்கிறேன். அந்த சத்தம் வந்துடுச்சு...'

'அப்பா, ஆஃப் பண்ணிடாத!'

'அது தெரியும். பண்ணல. லோடு எறக்கினு இருக்காங்க, வண்டி ஓடினேதான் இருக்கு. சும்மா... உனுக்குச் சொல்லலாம்னு போட்டேன்.'